அரிதாக இருந்தால் போதுமா? ஒரு தாத்தாவின் வாட்சும் மாறிக்கொண்டே போகும் ரசனையும்

தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. அவருடைய தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 1960களில் வாங்கிய ஓமேகா சீமாஸ்டர் வாட்ச் ஒன்றை விட்டுப் போயிருக்கிறார். டயல் மங்கி, ஓரத்தில் திட்டுத்திட்டாகப் பழுப்பேறியிருக்கிறது. பழைய வாட்ச் விற்கும் ஒரு கடையில் காட்டியபோது, "இது நிறைய இருக்கிறது" என்று சொல்லி 400 சிங்கப்பூர் வெள்ளி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதே கடையில், இதைவிடப் பழசாகவும் அழகில்லாமலும் தெரிந்த இன்னொரு வாட்சுக்கு "ரொம்ப ரேர்" என்று 9,000 வெள்ளி விலை போட்டிருந்ததாம். அவர் கேட்பது: "எது அரிது என்று யார் முடிவு செய்கிறார்கள்? தாத்தாவின் டயலைப் புதுசாக்கிவிட்டால் விலை ஏறுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். டயலைத் தொடாதீர்கள் தம்பி. ஏன் என்று விளக்கக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

அரிதாக இருப்பதற்கு மட்டும் யாரும் காசு கொடுப்பதில்லை. ஒரு காலத்தில் சுவிட்சர்லாந்தில் எத்தனையோ சிறு கம்பெனிகள் இருந்தன. இயந்திரத்தை ஒரு இடத்தில் வாங்கி, கேஸை, அதாவது வெளிக்கூட்டை, இன்னொரு இடத்தில் வாங்கி, டயலில் தங்கள் பெயரை அச்சிட்டு விற்றார்கள். பிறகு மூடிப் போனார்கள். என்னிடமே அப்படி ஒரு வாட்ச் இருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளாகத் தேடுகிறேன், அதே பெயர் போட்ட இன்னொன்றை நான் பார்த்ததே இல்லை. நூற்றைம்பது வெள்ளிக்குக் கொடுக்கிறேன் என்றாலும் வாங்க ஆள் கிடையாது. இன்னொரு பக்கம் ரோலெக்ஸ் சப்மரீனர் 5513 இருக்கிறது. 1962 முதல் 1980களின் கடைசி வரை விடாமல் செய்த மாடல். எந்த ஏலத்தை எடுத்தாலும் இரண்டு மூன்று வரும். ஆனாலும் பத்தாயிரம் வெள்ளிக்குக் கீழே நல்லதாக ஒன்று கிடைப்பது கஷ்டம். ஒன்றுதான் இருக்கிறது, கேட்க ஆளில்லை. ஆயிரக்கணக்கில் இருக்கிறது, லட்சக்கணக்கானவர்கள் கேட்கிறார்கள். விலை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் ரசனைதான் எல்லாமா என்றால், அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. இத்தனை காலம் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: அரிதான வாட்ச் தானாகப் பிறப்பதில்லை, ஒரு காலத்து ரசனைதான் அதை உண்டாக்குகிறது. அந்தக் காலத்தவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கியது குறைவாகவே மிஞ்சும். பிறகு கண் மாறும்போது, அந்தக் குறைவாக மிஞ்சியதைத்தான் எல்லாரும் தேடுவார்கள். ஒதுக்குவதிலும் இரண்டு வகை உண்டு. கடையிலேயே வாங்காமல் விடுவது ஒன்று. வாங்கிய பொருளைத் தங்கள் ரசனைக்கு ஏற்றபடி "சரிசெய்து" கெடுத்துவிடுவது இன்னொன்று.

முதல் வகைக்கு ரோலெக்ஸ் டேடோனாவைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1963இல் வந்தது. கார் பந்தயக்காரர்களுக்கான குரோனோகிராஃப், அதாவது பொத்தானை அழுத்தி நேரத்தை அளக்கும் வசதி உள்ள வாட்ச். அதில் சாதாரண டயல் ஒன்று. இன்னொரு டயல் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். சின்ன வட்டங்களுக்குள் கோடுகளின் நுனியில் குட்டிச் சதுரங்கள், எண்களும் வேறு மாதிரி, ஓரத்தில் மாற்று நிறத்தில் ஒரு பட்டை. அன்று அதை யாருக்கும் பிடிக்கவில்லை. போதாததற்கு அது சாவி கொடுக்கும் வாட்ச். 1969இல் ஜெனித், ஹாயர், சீக்கோ எல்லாம் கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃபைக் கொண்டுவந்துவிட்டார்கள். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று சீக்கோ அஸ்ட்ரான் என்ற, பேட்டரியில் ஓடும் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமும் வந்தது. விலை 4,50,000 யென், அன்றைக்கு ஒரு சின்ன காரின் விலை. தினமும் சாவி கொடுக்க வேண்டிய, 37 மில்லிமீட்டரே உள்ள, பார்க்க விசித்திரமான டேடோனா கடைக் கண்ணாடிப் பெட்டியில் தள்ளுபடிக்குக்கூட நகராமல் கிடந்தது. விற்காத டயலை எந்தக் கம்பெனி அதிகமாகச் செய்யும்? ஆகவே எண்ணிக்கை குறைவு.

பிறகு 1980களில் இத்தாலியில் இருந்த சேகரிப்பாளர்கள் அந்த டயலைத் தேட ஆரம்பித்தார்கள். நடிகர் பால் நியூமன் அந்த மாதிரியைத்தான் கட்டியிருந்தார் என்பதால் அவர் பெயராலேயே அந்த டயலை அழைக்கத் தொடங்கினார்கள். அவருக்கு அந்த வாட்சை வாங்கிக் கொடுத்தவர் அவர் மனைவி ஜோன் வுட்வர்ட். பார்த்து ஓட்டுங்கள் என்று சொல்வதுபோல மூன்று சொற்களைப் பின்பக்கத்தில் பொறித்துக் கொடுத்தார். கடை விலை அன்று இருநூறு, இருநூற்றைம்பது அமெரிக்க டாலர் இருந்திருக்கும். 2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் ஏலத்தில் அதே வாட்ச் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனது. அந்தத் தொகையில் பெரும்பங்கு அவர் கையில் இருந்ததற்கான விலை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் யார் கட்டினார்கள் என்றே தெரியாத, அதே டயல் உள்ள சாதாரண டேடோனாகூட இன்று பக்கத்தில் நிற்கும் இயல்பான டயல் டேடோனாவைவிட இரண்டு மூன்று மடங்கு விலை. அன்று விற்காத காரணம்தான் இன்றைய விலைக்குக் காரணம்.

இதே கதைதான் பட்டேக் ஃபிலிப் என்ற சுவிஸ் கம்பெனியின் ஸ்டீல் வாட்சிலும். 1518 என்ற மாடல் 1941இல் வந்தது. லீப் ஆண்டு வரை தானே கணக்குப் பார்க்கும் நாட்காட்டியும் குரோனோகிராஃபும் சேர்ந்தது. மொத்தம் ஏறத்தாழ 280 செய்தார்கள். அவ்வளவு பணம் கொடுத்து வாங்குகிறவர் தங்கத்தில்தானே கேட்பார்? ஸ்டீல் வேலைக்காரன் கட்டும் உலோகம் என்று நினைத்த காலம். ஸ்டீலில் செய்ததாகத் தெரியவந்தவை நான்கே நான்கு. 2016இல் ஜெனீவாவில் அதில் ஒன்று 1 கோடியே 10 லட்சம் சுவிஸ் பிராங்குக்குப் போனது. மஞ்சள் தங்கத்தில் உள்ள 1518 அதில் ஒரு சிறு பங்குக்குத்தான் போகும். இதை எங்கள் வீட்டில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. தங்கத்துக்கு இரும்பைவிட விலை குறைவா என்று என் அம்மா இரண்டு முறை திருப்பிக் கேட்டார். எடை போட்டு விலை சொல்லும் பொருளாகவே தங்கத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு அது உறுத்தத்தான் செய்யும்.

சரி, இரண்டாவது வகைக்கு வருகிறேன். உங்கள் தாத்தாவின் வாட்ச் இங்கேதான் வருகிறது.

என் அப்பாவிடம் டூடர் ஆய்ஸ்டர் ஒன்று இருந்தது, டயலில் சின்ன ரோஜா போட்டது. 1967இல் வாங்கினார். அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு அதைப் புதுசாக்கிக் கொடுக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டு ஒரு கடையில் கொடுத்தேன். 1990களின் நடுவில் நடந்தது. பத்து நாளில் பளபளவென்று வந்தது. டயலுக்கு வெள்ளை அடித்து, எழுத்துகளைத் திரும்ப அச்சிட்டு, கேஸை மெஷினில் வைத்துத் தேய்த்திருந்தார்கள். எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். அப்பா வாரம் முழுக்க அதைக் கட்டிக்கொண்டு காப்பிக்கடைக்குப் போனார். பல ஆண்டுகள் கழித்து, நல்ல நிலையில் உள்ள அதே மாடலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் நான் செய்தது தெரிந்தது. ரோஜாவின் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு பொட்டு போலாகியிருந்தன. எழுத்துகள் தடித்திருந்தன. வார் மாட்டும் நான்கு நுனிகளும் கூர் போய், சோப்புக்கட்டி தேய்ந்தது போல உருண்டிருந்தன. அந்தக் கடைக்காரர் நான் கேட்டதைத்தான் செய்தார். அன்றைக்கு எல்லாரும் அதைத்தான் கேட்டோம். கம்பெனிகளின் சொந்த சர்வீஸ் நிலையங்களிலேயே மங்கிய டயலை எடுத்துவிட்டுப் புது டயல் போடுவது சகஜம். பழைய டயல் எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதில்லை.

இப்போது கணக்குப் பாருங்கள். ஒரு மாடல் லட்சம் செய்திருக்கலாம். அதில் பாதி தொலைந்துபோகும். மிஞ்சியதில் பெரும்பாலானவற்றைத் தேய்த்து, மாற்றி, பெயிண்ட் அடித்துவிட்டோம். யாரும் கை வைக்காமல் ஏதோ ஒரு அலமாரியில் தூங்கியவை சிலதான். "நிறைய இருக்கிறது" என்று அந்தக் கடைக்காரர் சொன்னது மாடலைப் பற்றி உண்மை. கை படாத சீமாஸ்டர் அவர் சொல்வதுபோல நிறைய இல்லை. இன்றைய சேகரிப்பாளர் தேடுவது அந்தக் கை படாததைத்தான். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ரசனை "புதுசு போல இருக்க வேண்டும்" என்றது. இன்று "பிறந்தபடி இருக்க வேண்டும்" என்கிறது. நடுவில் கெட்டுப்போனவை எல்லாம் சேர்ந்துதான் மிஞ்சியதற்கு மதிப்பை ஏற்றியிருக்கின்றன.

இதன் உச்சம் டிராபிக்கல் டயல். 1950, 60களில் செய்த சில கறுப்பு டயல்களின் பூச்சு வெயிலில் நிறம் மாறி, காப்பிக்கொட்டை போல, சில சமயம் தேன் நிறத்தில் பழுப்பாகிவிடும். உண்மையில் அது பூச்சில் இருந்த கோளாறு. அன்று வாடிக்கையாளர் குறை சொல்லி மாற்றிக்கொண்டு போனார். இன்று சமமாக, அழகாகப் பழுத்த டயலுக்குத் தனி விலை. பெயரைக் கேட்டதும் நம் ஊர் வாட்ச் எல்லாம் டிராபிக்கல்தானே என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. பழைய வாட்சில் ரப்பர் வளையம் இறுகி விரிசல் விட்டதும் ஈரம் உள்ளே போகும். அது டயலைப் பழுக்க வைப்பதில்லை, புள்ளி விழ வைக்கிறது, பூச்சைக் கொப்பளிக்க வைக்கிறது. வெயிலில் மாறிய நிறம் டயல் முழுக்கச் சமமாகப் பரவியிருக்கும். ஈரம் ஓரத்திலிருந்து திட்டுத்திட்டாக வரும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் தாத்தாவின் டயலில் இருப்பது ஈரம்தான். அதை டிராபிக்கல் என்று சொல்லி யாரிடமும் விற்காதீர்கள், யாராவது அப்படிச் சொல்லி விற்றால் வாங்கவும் வேண்டாம்.

விலை இப்படி ஏறும் இடத்தில் மோசடியும் வந்து உட்காரும். 2021 நவம்பரில் ஜெனீவாவில் 1957ஆம் ஆண்டு ஓமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று, பழுப்பேறிய டயலோடு, 31 லட்சம் பிராங்குக்கு ஏலம் போனது. எதிர்பார்த்த விலையைப் போல இருபது மடங்குக்கு மேல். உலகமே வியந்தது. 2023இல்தான் உண்மை வெளிவந்தது: பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய ஒன்று அது. தங்கள் முன்னாள் ஊழியர்கள் சிலருக்கே அதில் பங்கு இருந்தது என்றும், தங்கள் அருங்காட்சியகத்துக்காகவே அது வாங்கப்பட்டது என்றும் ஓமேகா நிறுவனமே சொன்னது. வாட்சைச் செய்த கம்பெனியே ஏமாந்தது என்றால், நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

நம் மக்களுக்கு நெருக்கமான உதாரணம் எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கினார்கள். ஊரிலிருந்து இங்கே வேலைக்கு வந்த ஒரு தலைமுறையே கையில் எச்.எம்.டி. கட்டிக்கொண்டுதான் வந்தது. இங்கே சம்பளம் வாங்கியதும் முதல் வேலையாக அதைக் கழற்றிவிட்டு சீக்கோவோ டைட்டஸோ கட்டினார்கள். கொஞ்சம் வசதி வந்ததும் ராடோ. பழைய எச்.எம்.டி. பிள்ளைகளுக்கு விளையாடப் போயிற்று. 2016இல் எச்.எம்.டி. கைக்கடிகார நிறுவனத்தை மூட இந்திய அரசு முடிவெடுத்த பிறகு பார்த்தால், எல்லாருக்கும் எச்.எம்.டி. வேண்டும். கறுப்பு டயல் பைலட் வேண்டும், இந்தி எண் போட்ட ஜனதா வேண்டும். கேட்பவர்கள் கூடியதும் பச்சை, ஆரஞ்சு, நீலம் என்று கம்பெனி செய்யாத டயல்களோடு பைலட்கள் இணையத்தில் குவிந்தன. பழைய இயந்திரத்தின்மேல் புதுப் பெயிண்ட் அடித்த டயல்கள். சேகரிப்பாளர்கள் அவற்றை மும்பை வாட்ச் என்றே சொல்வார்கள். போன வருடம் சிங்கப்பூர் தேக்காவில் ஒரு நண்பர் ஆசையாக ஆரஞ்சு பைலட்டைக் காட்டி, "அண்ணே, இது உலகத்திலேயே பத்துதான் இருக்காம்" என்றார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அரிது என்ற ஒரு வார்த்தையால் ஏமாற்றுவது எவ்வளவு எளிது என்று அன்று மறுபடி பார்த்தேன்.

இங்கே டைட்டன் பற்றி ஒன்று. 1984இல் டாடாவும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கியது, ஓசூரில் தொழிற்சாலை. அதன் ஆரம்பகால குவார்ட்ஸ் வாட்சுகளை இன்று யாரும் சீண்டுவதில்லை. பேட்டரி தீர்ந்ததும் குப்பைக்குப் போகிறது. நான் மூன்று எடுத்து வைத்திருக்கிறேன். விலை ஏறும் என்பதற்காக இல்லை, நம் தமிழ்நாட்டிலேயே செய்த அழகான மெல்லிய வாட்ச் அது. பெட்டியோடு, ரசீதோடு ஒன்று கிடைத்தால் எறியாதீர்கள்.

ரசனை எப்படியெல்லாம் திரும்பும் என்பதற்கு அளவு ஒரு சாட்சி. 1950களில் ஆண்கள் கட்டியது 33 முதல் 36 மில்லிமீட்டர். 2000க்குப் பிறகு பனராய் மாதிரி 44 மில்லிமீட்டர் வாட்ச்தான் ஆண்மை என்று ஆனது. அந்தச் சமயத்தில் சின்ன வாட்சை எல்லாம் பெண்கள் வாட்ச் என்று ஒதுக்கினார்கள். நானும் ஒரு யுனிவர்சல் ஜெனீவ் போல்ரூட்டரை அப்படித்தான் கைவிட்டேன். 1954இல் ஜெரால்ட் ஜென்டா என்ற 23 வயது இளைஞர் வடிவமைத்தது. பிறகு ராயல் ஓக், நாட்டிலஸ் போன்ற புகழ்பெற்ற வாட்சுகளை எல்லாம் வரைந்தவர் அவரே. இன்று நான் விற்ற விலைக்கு அதன் கண்ணாடிகூடக் கிடைக்காது. இப்போது காற்று மறுபடி சின்ன வாட்ச் பக்கம் அடிக்கிறது. 1967இல் லண்டன் கார்டியே செய்த நெளிந்த கிராஷ் வாட்ச் 2022இல் 15 லட்சம் டாலருக்குப் போனது.

ஆனால் ஒதுக்கப்பட்டது எல்லாம் திரும்பி வரும் என்று கணக்குப் போடக் கூடாது. திரும்பி வருவதற்கு ஒரு கதை வேண்டும், ஆவணம் வேண்டும், ஓட வைக்க உதிரிபாகம் வேண்டும். சீக்கோ 6139ஐப் பாருங்கள். லட்சக்கணக்கில் செய்த மாடல். சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில், 2017 ஜூலையில் அதை மூடுவதற்கு முன், தரையில் விரித்த துணியில் முப்பது வெள்ளிக்கு நான் ஒன்று வாங்கினேன், மஞ்சள் டயல். விண்வெளி வீரர் வில்லியம் போக் 1973இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையப் பயணத்தில் அந்த மாதிரியைத்தான் சொந்த வாட்சாகக் கொண்டுபோனார் என்று தெரியவந்த பிறகு, மஞ்சள் டயலுக்கு மட்டும் மவுசு. பக்கத்தில் கிடந்த நீல டயல் அவ்வளவாக ஏறவில்லை. இயந்திரம் ஒன்றுதான், வயது ஒன்றுதான்.

2020 முதல் 2022 தொடக்கம் வரை விலை தாறுமாறாக ஏறி, பிறகு இறங்கியது பற்றி நிறையப் பேர் பேசியாகிவிட்டது. அப்போது வாங்கி உடனே விற்க நினைத்தவர்கள் பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அது பெரும்பாலும் புது மாடல்களின் கதை என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

இனி உங்கள் வாட்ச். இயந்திரத்தை மட்டும் சுத்தம் செய்து எண்ணெய் போடச் சொல்லுங்கள், ரப்பர் வளையத்தைப் புதுசாகப் போடச் சொல்லுங்கள், இனி ஈரம் எளிதில் உள்ளே போகாது. பாலிஷ் வேண்டாம், டயல் வேண்டாம், முள் வேண்டாம் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஏதாவது பாகம் மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழையதைத் திருப்பிக் கேளுங்கள். டயலின் அடியில் ஸ்விஸ் மேட் என்பதற்கு இரண்டு பக்கமும் டி என்ற எழுத்து இருக்கிறதா என்று ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். இருந்தால், இருட்டில் ஒளிர்வதற்கு டிரிடியம் பூசியது என்று அர்த்தம். அதன் வீரியம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும் என்பதால் இப்போது ஒளிராது. அது சரியான விஷயம். அறுபதுகளின் வாட்ச் இன்றும் இரவு முழுக்கப் பளிச்சென்று ஒளிர்ந்தால்தான் யாரோ கை வைத்திருக்கிறார்கள். முள்ளில் உள்ள பூச்சும் டயலில் உள்ள பூச்சும் ஒரே மாதிரி மஞ்சளாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் இது பெரிய தொகைக்குப் போகிற வாட்ச் இல்லை. 400 வெள்ளி குறைவு, ஆனால் பல ஆயிரமும் கிடையாது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பின்மூடியைத் திறக்கும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள். வாட்ச் பழுது பார்ப்பவர்கள் ஒவ்வொரு முறையும் மூடியின் உள்பக்கத்தில் ஊசியால் மிகச் சின்னதாக ஒரு எண்ணோ தேதியோ கீறி வைப்பது வழக்கம். உங்கள் தாத்தா எந்தெந்த ஆண்டு அதைப் பழுது பார்க்கக் கொடுத்தார் என்பது அங்கே இருக்கலாம். போனில் நன்றாக ஒரு படம் எடுத்துக்கொண்டு, உள்பக்கத்தைத் தேய்க்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.